மற்றவர் பெயரில் ஊதியவன்

என் தங்கை புருஷன் தசரதன் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடப் பற்ற வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் அவன் நாலு எட்டு வைத்துவிட்டு கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறவனெல்லாம், "வயசுல கட்டுக் கட்டா குடிச்சிருப்பாரு, இப்போ அனுபவிக்கிறாரு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். எனக்கு வருகிற ஆத்திரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி இரண்டு சாத்தலாமா என்று இருக்கும். தசரதன்தான் கையைக் காட்டி என்னை அமர்த்துவான். வாயைத் திறந்து சொல்ல அவனிடம் மூச்சு மிச்சம் இருக்காது.

நான் ஒரகடம் கூட்ரோட்டுக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். சொந்த ஊர் வடக்குப்பட்டு. தசரதனும் அதே ஊர்தான். இந்தக் கதையில் வரப்போகும் டில்லிபாபுவும் அதே ஊர்தான். மூன்று பேரும் ஒரே கபடி டீமில் இருந்தோம். நான் டீமில் இருந்தேன் என்றால் ஆடினேன் என்று அர்த்தமில்லை. சட்டைகளையும் வாட்சுகளையும் பார்த்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். ஆடினவர்கள் அவர்கள் இருவரும்தான்.

தசரதன் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால், பிடிக்க நிற்கிறவர்கள்தான் களைத்துப் போவார்கள். இவன் மூச்சு தீராது. ஒருமுறை சுங்குவார்சத்திரத்தில் நடந்த ஆட்டத்தில் எதிர் டீம்காரன் சண்டைக்கே வந்துவிட்டான். நடுவில் திருட்டுத்தனமாக மூச்சு எடுக்கிறான், நடுவர் பார்க்கவில்லை என்று. நடுவர் இவன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கூடவே ஓடினார். கடைசியில் நடுவருக்குத்தான் மூச்சு வாங்கியது. அன்றைக்கு டில்லிபாபு வைத்த பெயர் 'பம்ப்பு'. அதிலிருந்து ஊருக்கே அவன் பம்ப்பு தசரதன். இத்தனை மூச்சு உள்ளவன் நூறு வயசுக்குக் குறையாமல் இருப்பான் என்று சொல்லித்தான் என் தங்கை செங்கமலத்தை அவனுக்குக் கட்டிக்கொடுக்க நான் அப்பாவிடம் மல்லுக்கு நின்றேன்.

கம்பெனிகள் வந்தபோது டில்லிபாபு ஐ.டி.ஐ. முடித்திருந்ததால் முதலில் உள்ளே போனான். வண்டிகளுக்கு வார்ப்பு இரும்பு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை. கொஞ்ச வருடத்தில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். ஆனதும் முதல் வேலையாக தசரதனைக் காண்டிராக்டில் சேர்த்துவிட்டான். அந்த நன்றியை தசரதன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். "டில்லி இல்லன்னா நான் இன்னும் எவன் வூட்டு மாட்டையோ ஓட்டிக்கினு இருப்பேன் மச்சான்" என்று என்னிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

வேலை கிரைண்டிங். அச்சிலிருந்து வந்த இரும்பின் ஓரத்தில் பிசிறும் மணலும் ஒட்டியிருக்கும். சுழலும் கல்லில் வைத்து அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். பொறி பறக்கும், கூடவே தூள் பறக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவன் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். செங்கமலம் அவன் யூனிஃபார்மைத் தனி பக்கெட்டில்தான் ஊற வைப்பாள். அந்தத் தண்ணீரை ஊற்றிய இடத்தில் புல்கூட முளைப்பதில்லை என்று அலுத்துக்கொள்வாள். நல்ல முகமூடிகள் கம்பெனியில் இருக்கத்தான் செய்தன. வெளியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்றைக்கு அலமாரியைத் திறந்து கொடுப்பார்கள், அவர்கள் கார் ஏறியதும் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார்கள். மற்ற நாளில் கர்ச்சீப்தான்.

வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் கேம்ப் நடக்கும். வேன் வரும். ரத்தம் எடுப்பார்கள், கண் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு பெண் குழாய் பொருத்திய சின்னக் கருவியோடு உட்கார்ந்திருக்கும். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக, இனி இல்லை என்கிற வரைக்கும் ஊத வேண்டும். சரியாக ஊதாதவனுக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்றுதானே யாரும் நினைப்போம். அங்கே நடந்தது வேறு. அவனை "கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்று அனுப்பிவிடுவார்கள். காண்டிராக்டில் ரெஸ்ட் என்றால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று பொருள்.

அதற்கு டில்லிபாபு ஒரு வழி கண்டுபிடித்தான். எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே தொப்பி, மூக்கு வரைக்கும் கர்ச்சீப். கருவிக்காரப் பெண் பெயரைக் கூப்பிடும், முகத்தை நிமிர்ந்து பார்க்காது. யாருக்கெல்லாம் நெஞ்சு சரியில்லையோ அவர்கள் பெயரைக் கூப்பிடும்போது தசரதன் போய் ஊதிவிட்டு வந்துவிடுவான். வரிசையில் மறுபடி பின்னால் போய் நிற்பான், அடுத்த பெயருக்கு மறுபடி ஊதுவான். அந்தப் பெண்ணே "போதும், போதும்" என்று சொல்லுமாம். கேன்டீனில் அன்றைக்கு அவனுக்கு ராஜ உபசாரம். வடை ஒருத்தன் வாங்கிக் கொடுப்பான், டீ ஒருத்தன். வீட்டுக்கு வந்து, கப் ஜெயித்து வந்த அதே முகத்தோடு கதை சொல்வான்.

"தப்பு இல்லியா அது?" என்று செங்கமலம் ஒருமுறை கேட்டாள்.

"நாலு பேர் வூட்ல அடுப்பு எரியுது. இதுல இன்னா தப்பு கீது?" என்றான்.

வருடங்கள் போயின. ஒரு கேம்புக்கு முன்னால் டில்லிபாபு அவன் தோளில் கையைப் போட்டு, "மச்சி, நீ எவ்ளோ நாளைக்குத்தான் ஊருக்கே ஊதிக்கினு இருப்ப? ஐயனாரு ஊதட்டும். உன்னுதையும் அவனே ஊதிடுவான், நீ ஜம்முனு உக்காரு" என்றிருக்கிறான். ஐயனார் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த இளவட்டம், ஒல்லியாக இருந்தாலும் கிணற்று நீச்சலில் வளர்ந்த நெஞ்சு. தசரதனுக்கு மனசு கொஞ்சம் சுருக்கென்றதாம். ஆனாலும் பழைய ஆட்டக்காரனுக்கு டீம் தருகிற மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டான். டில்லிக்குத் தன் மேல் எவ்வளவு பிரியம் பார் என்று அன்றைக்கும் பெருமையாகத்தான் சொன்னான். கேட்டு நானும் தலையாட்டினேன்.

அப்போதே அவனுக்குக் காலையில் இருமல் இருந்தது. எழுந்ததும் பின்பக்கம் போய் சளியைத் துப்பி முடித்தால்தான் அவனுக்குப் பொழுது விடியும். தூசிதான், மார்ச்சளிதான் என்று சொல்லி தூதுவளையும் இருமல் டானிக்குமாக ஓட்டினான். பிறகு பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தால் மூச்சு வாங்கியது. பிறகு லுங்கியை இறுக்கிக் கட்டினாலே வாங்கியது. கூட்ரோட்டு கிளினிக்கில் ஊசி போட்டால் இரண்டு நாள் சரியாக இருக்கும், மறுபடி அதே கதை. வயசாகிறது என்றோம். என் மூஞ்சிக்கு வராத வயசு அவன் நெஞ்சுக்கு மட்டும் எப்படி வந்தது என்று எவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன ஆவணி மாதம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியவன், பஸ் படியில் கை வைத்த இடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது என்று டீக்கடைக்காரர் போன் செய்தார். என் ஆட்டோவிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, ஆள் தேறிய பிறகு நெஞ்சு டாக்டரம்மா அவனை ஊதச் சொன்னார். எத்தனையோ பேருக்காக ஊதியவன் தன் பெயருக்கு ஊதினான். காற்று கொஞ்சம் வந்தது, அதற்குப் பிறகு கண்தான் பிதுங்கியது. மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார். பெரிய வித்தியாசம் இல்லை.

"இது ஆஸ்துமா இல்ல. சி.ஓ.பி.டி.ன்னு சொல்லுவோம். நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்னக் குழாயெல்லாம் வீங்கிச் சுருங்கிப் போயிருக்கு. காத்துப் பைகளும் தொளதொளன்னு ஆயிடுச்சு. உங்களால இழுக்க முடியுது, முழுசா வெளிய விட முடியல. பழைய காத்து உள்ளயே தங்கிடுது, புதுசுக்கு இடம் இல்ல" என்றார்.

எனக்கு அது பட்டென்று புரிந்தது. என் ஆட்டோவில் இறங்க வேண்டியவன் இறங்கினால்தானே நிறுத்தத்தில் நிற்கிறவன் ஏற முடியும்.

"சிகரெட், பீடி?" என்று கேட்டார். இல்லை என்றோம். என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். "பொகை மட்டும்தான் காரணம்னு இல்ல. வருஷக் கணக்கா தூசி போனாலும் வரும். போன நுரையீரல் திரும்பாது. ஆனா இருக்கிறதக் காப்பாத்தலாம், அதை வெச்சு நல்லா வாழலாம். முதல்ல அந்தத் தூசிய விடணும்" என்றார். அவர் சொன்னதிலேயே பெரியது இந்தக் கடைசி வார்த்தைதான். கிரைண்டிங்கை விட்டால் பேக்கிங் பகுதிக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்பதில்தான் எல்லாம் நின்றது. மகள் கலைமதி காஞ்சிபுரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வேலையை அடியோடு விட்டுவிட அவனால் முடியாது.

கம்பெனி மாற்ற மறுத்துவிட்டது. போன வருட கேம்பில் தசரதன் பிரமாதமாக ஊதியிருக்கிறானாம். ஒரு வருடத்தில் இப்படி ஆக வாய்ப்பில்லை, உடம்பு வணங்காமல் நாடகம் ஆடுகிறான், இல்லையென்றால் வீட்டில் ஏதோ புகை. வந்தால் கிரைண்டிங்குக்கு வரட்டும், முடியாவிட்டால் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேம்ப் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவே குழம்பிப் போய், "போன வருஷம் ஊதினது நீங்கதானா?" என்று கேட்டார். தசரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் அவன் முகத்தில் கவலையே இல்லை. "டில்லி கீறான் மச்சான். அன்னிக்கு ஊதினது இவன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்னா முடிஞ்சுது. அவன் சொன்னா கேப்பாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் நம்பியிருந்தான்.

டில்லிபாபு இப்போது ஷிப்டு இன்சார்ஜ். வாலாஜாபாத்தில் மாடி வீடு. அந்த மாடிப்படியை தசரதன் நின்று நின்று ஏறினான். காபி வந்தது, பிஸ்கட் வந்தது. டில்லிபாபு அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கக்கூடச் செய்தான்.

"சொல்லலாம் மச்சி. ஆனா அதக் கிளறினா எல்லாம் வெளிய வந்துடும். நீ யார் யாருக்கு ஊதினியோ அவ்ளோ பேர் பொழப்பும் போயிடும். உன்னோட நல்லதுக்குத்தான அன்னிக்கு செஞ்சோம்? நீ கொஞ்சம் பொறு, நான் பாக்குறேன்."

தசரதன் பொறுத்தான். போன் செய்தால் டில்லிபாபு எடுப்பதை நிறுத்தினான். அப்போதும் இவன், "ஷிப்டுல இருப்பான், சத்தத்துல கேக்காது" என்று அவனுக்காகப் பரிந்து பேசினான். அப்படி அவன் பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கார்த்திகை மாதம் ஐயனார் என் ஆட்டோவில் ஏறினான். அந்தக் கம்பெனியை விட்டு விலகி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். தசரதன் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். ஐயனார் அவன் கோலத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். மற்றவர்கள் இறங்கும் வரை காத்திருந்து பேசினான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. நீங்க கடைசியா ஊதுன வருசம் நான் அந்தப் பொம்பளப்பிள்ள பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். அது டில்லிபாபு சாரைக் கூப்பிட்டு, 'சார், இந்தப் பேருக்காரங்க எல்லாருக்கும் வருசா வருசம் ஒரே மாதிரி எறங்கிக்கிட்டே வருது, நெஞ்சு டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க'ன்னு சொல்லுச்சு. அந்தப் பேரு எல்லாத்துக்கும் ஊதுனது நீங்க ஒரு ஆளுதான அண்ணாச்சி?"

தசரதன் திரும்பிப் பார்த்தான்.

"சாருக்கு அப்பமே வெளங்கிட்டு. வெளிய வந்து என்கிட்ட சிரிச்சிக்கிட்டே, 'பம்ப்புல காத்து எறங்கிடுச்சு, இனிமே நீ ஊது'ன்னாவ. கேலி பண்ணுதாவன்னு நெனச்சேன். எனக்கு அப்ப ஒண்ணும் வெளங்கல அண்ணாச்சி. இப்பம் உங்களப் பாத்ததும்தான்..."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. நண்பனின் நெஞ்சு கெட்டுக்கொண்டு வருகிறது என்று ஊரிலேயே ஒருத்தனுக்குத்தான் தெரியும். தெரிந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் பாதி நுரையீரல் மிஞ்சியிருக்கும். அவன் என்ன செய்தான்? குழாயை இவன் வாயிலிருந்து பிடுங்கி இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டு, இவனை அதே கல்லுக்கு, அதே தூளுக்கு அனுப்பினான். கிரைண்டிங்கில் அத்தனை வேகமாகக் கை ஓடுகிற ஆள் வேறு கிடைக்க மாட்டான் அல்லவா. அதை மரியாதை என்று நினைத்து எங்கள் ஆள் வீட்டுக்கு வந்து பெருமை பேசியிருக்கிறான்.

தசரதன் அழவில்லை, திட்டவில்லை. "வண்டிய எடு மச்சான்" என்றான். அவன் மூச்சு ஒருமுறை நின்று போனது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மூச்சை அல்ல, டில்லி என்கிற மூச்சைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. கலைமதி விடுமுறைக்கு வந்து அப்பாவுக்கு வாத்தியாராகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்ஹேலரை, அந்த மருந்துப் பம்பை, அவன் வாயில் வைத்து அழுத்திவிட்டு உடனே எடுத்துக்கொண்டிருந்தான், பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிட்டது. நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, கொஞ்சம் அடக்கி, பிறகு வாயைக் கொப்பளிக்கக் கற்றுக் கொடுத்தாள். மூச்சு முட்டினால் பதறாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விடச் சொன்னாள். மூச்சு முட்டாத நாளிலும் மருந்தை விடக்கூடாது, தினமும் கொஞ்சமாவது நடக்க வேண்டும், வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் மேல் சட்டம். குப்பையை எரிக்கிற பக்கத்து வீட்டுக்காரரோடு செங்கமலம் தினம் ஒரு சண்டை. கம்பத்துக்குக் கம்பம் நின்று நின்று பிள்ளையார் கோயில் வரைக்கும் அவனால் போய்வர முடிந்தது. உடம்பு தேறத்தான் செய்தது. முகம் தேறவில்லை.

பொங்கல் வந்தது. காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் கபடிப் போட்டி உண்டு. இந்த வருடம் கோப்பை டில்லிபாபுவின் உபயம். ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் டில்லிபாபு பெரிதாகச் சிரிக்கிறான், பக்கத்தில் சின்னதாக தசரதனின் பழைய படம், கீழே 'எங்கள் பம்ப்பு' என்று எழுத்து. செங்கமலம் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், கிழித்தே தீருவேன் என்று.

"வுடு. நான் போறேன்" என்றான் தசரதன். தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

மைதானத்தில் நல்ல கூட்டம். கிரைண்டிங் ஆட்கள் பாதிப் பேர் இருந்தார்கள், இவன் யார் யார் பெயரில் ஊதினானோ அவர்களும் இருந்தார்கள். டில்லிபாபு மைக்கைப் பிடித்து, தசரதனைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறி, பிறகு குரலைக் கூட்டினான்.

"நம்ம பம்ப்பு வந்துகீறாரு! ஒரு காலத்துல இவரு மூச்சுக்கு எதிர்ல நிக்க ஆள் கெடையாது! எல்லாரும் கை தட்டுங்க!"

கைதட்டல் ஓய்வதற்குள் தசரதன் மருந்துப் பம்பை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து போய் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான். பழைய ஆட்டக்காரர் ஒரு முறை பாடிக் காட்டப் போகிறார் என்று கூட்டம் விசில் அடித்தது. அவன் ஓடவில்லை. டில்லிபாபு நின்றிருந்த பக்கத்தை நோக்கி, "கபடி, கபடி, கபடி" என்று நடந்தான். மூன்றாவதிலேயே குரல் கிழிந்தது. நாலாவது வரவே இல்லை. முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

டில்லிபாபு மைக்கோடு அவனிடம் ஓடி வந்தான். "பரவால்ல மச்சி, பரவால்ல" என்று குனிந்தான். மைக் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. தசரதனின் மூச்சு கம்பங்களில் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் கேட்டது. உள்ளே இழுக்கும்போது கீச்சென்றும், உதட்டைக் குவித்து வெளியே விடும்போது இழுத்து இழுத்தும். ஊர் முழுக்க அதை நின்று கேட்டது. அவன் அவசரப்படவில்லை. கலைமதி சொல்லிக் கொடுத்த மாதிரியே விட்டு, இழுத்து, விட்டு, பேசுகிற அளவுக்குக் காற்று சேர்ந்ததும் நிமிர்ந்தான்.

"இந்த மூச்ச... யாரு பேர்ல எழுதப் போற டில்லி?"

மைதானத்தில் இருந்த கிரைண்டிங் ஆட்கள் அத்தனை பேரும் டில்லிபாபுவின் வாயையே பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தையை அவன் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தசரதன் அவனை மன்னித்தும் இருப்பான், எனக்குத் தெரியும், அவன் அப்படிப்பட்ட முட்டாள்.

டில்லிபாபு கட்டை விரலால் மைக்கின் சுவிட்சைத் தேடி அணைத்தான். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"உடம்பப் பாத்துக்க மச்சி."